ஐம்பத்தைந்துக்கு ஒரு மில்லிமீட்டர் குறைவு

— போன ஜூலை எட்டாம் தேதி, இதே கால்கூர்லி ஆஸ்பத்திரியில, உன் அடிவயித்துல பெரிய ரத்தக்குழாய் வீங்கியிருக்கு, ஐம்பத்தி நாலு மில்லிமீட்டர்னு சொன்னாங்க. அன்னிக்கு எழுதிக்குடுத்த மாத்திரை இது. பிரிக்கவே இல்லையே, கிளைவ்!

— என் வண்டியில உனக்கென்ன தேடல், நோலீன்?

— கறுப்புக் கண்ணாடி தேடினேன். டப்பா டப்பாவா மாத்திரை வருது. சொல்லு பாப்போம், எதுக்கு?

— அட விடு. ஸ்கேன் எடுத்தாச்சு, நர்ஸ் வந்து சொல்லுவா. ஏசியைப் போடு, வேகுது.

— தினம் காலையில என் எதிர்லதான வாயில போட்ட?

— முதல் டப்பா தீர்ற வரைக்கும்தான் நீ பாத்த. போட்டேன். அப்புறம் துப்பினேன்.

— அடப்பாவி! ரத்தத்துல கொழுப்பைச் சுமக்கிற புரதம் உனக்கு எக்கச்சக்கம், அதுதான் குழாய்ச் சுவரை அரிக்குது போலன்னு டாக்டர் படம் போட்டுச் சொன்னார்ல?

— அதனாலதான் துப்பினேன்.

— என்ன உளர்ற?

— மாத்திரை அந்தப் புரதத்தை இறக்கும். இறங்கினா வீக்கம் அப்படியே நின்னுடும். நின்னா என் கதி? ஐம்பத்தஞ்சு ஆனாத்தான் பெர்த்ல ஆபரேஷன். ஆபரேஷன் ஆனாத்தான் கம்பெனி டாக்டர் லாரி சாவியைத் தருவேங்கறார்.

— அப்ப அந்த ஆட்டுக்கறியில கொழுப்பாப் பொறுக்கித் தின்னது?

— ஆசையில தின்னேன்னு நினைச்சியா? மூணாவது மாசமே குமட்டிருச்சு.

— ஒரு மில்லிமீட்டருக்கா?

— உனக்குத் தெரியாது நோல். தும்ம பயம். குனிஞ்சு ஷூ மாட்ட பயம். உன் தங்கச்சி புருஷன் ஜோக் சொன்னா சிரிக்க பயம்.

— அவன் ஜோக்குக்கு யாரும் சிரிச்சதே இல்ல.

— வாசல்ல உக்காந்து, சுரங்கத்துலேர்ந்து அடுத்தவன் ஓட்டிட்டு வர்ற லாரியைப் பாத்துக்கிட்டே இருக்கேன். வெடிச்சா சாவு. வெடிக்கலைன்னா அதே நாற்காலி.

— உங்கப்பா மாதிரி நீயும் குளியலறையில விழுந்து கிடந்தா? நான்தான கதவை உடைக்கணும்? அதை யோசிச்சியா?

— இல்ல. யோசிக்கல.

— யோசிக்க மாட்ட. உனக்கு லாரிதான் பொண்டாட்டி.

— நர்ஸ் வர்றா. டப்பாவை உள்ள வை.

— கிளைவ், வெயில்ல ஏன் காயறீங்க? ரெண்டு பேரும் உள்ள வாங்க, டாக்டர் பேசணுமாம்.

— நீயே சொல்லிடு, ஷீனா. அளவு எவ்வளவு?

— ஐம்பத்தாறு.

— கேட்டியா நோல்! ஐம்பத்தாறு! தாண்டியாச்சு!

— இந்த ஆஸ்பத்திரியில இதுக்குச் சந்தோஷப்படற ஆளை இப்பத்தான் பாக்கறேன்.

— பெர்த்துக்கு எப்ப போகணும்?

— கிளைவ், ஆபரேஷனுக்கு முன்னாடி பாக்கணும்னு போன வாரம் எடுத்த இதயப் படமும் வந்திருக்கு. அங்கேயும் அதே கொழுப்புதான், மூணு குழாயும் அடைச்சிருக்கு. பெர்த் சர்ஜன் பாத்துட்டார். இந்த இதயம் வயித்து ஆபரேஷனைத் தாங்காதுன்னு, ஆபரேஷன் பட்டியல்லேர்ந்து உங்க பேரை எடுத்துட்டாங்க.