கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில்

— மணி மூணே கால் ஆகுதுக்கா. நில அதிர்வு நின்னு அரை மணி நேரம் ஆச்சு. பாலத்துல ஒரு கீறல் இல்ல. இன்னும் என்னத்தைத் தேடுற?

— மேல பாக்காத. தூணடியில பாருடா, தம்பி. இது என்ன?

— எறும்புப் புத்து.

— எறும்புப் புத்துல தண்ணி கொப்பளிக்குமா?

— துளியூண்டுதானே வருது.

— துளியூண்டு ஆடுச்சு, துளியூண்டு வருது. கீழ ஈர மணல் இளகியிருக்கு. அந்தத் தண்ணிதான் மணலைத் தள்ளிக்கிட்டு மேல வருது. அடுத்த தடவை பலமா ஆடினா மொத்தமும் சேறாயிடும். தூணுக்குப் பிடிப்பே இருக்காது.

— அதுக்குத்தானே சுத்திக் குழி போட்டு, கல்லைக் கொட்டி, அதிர வெச்சு இறுக்கினேன்? பெண்டு நிமிந்துச்சு.

— இறுகியிருந்தா இது வராது.

— மண்ணு இறுகிச்சான்னு பாக்க அடிச்ச சோதனைக் கம்பி இறங்கவே மாட்டேன்னு அடம் பிடிச்சுதே. சோதிக்க வந்த இன்ஜினியர் நீயும்தான் பக்கத்துல நின்ன.

— குழிக்கும் குழிக்கும் நடுவுல, மணல்லதானே கம்பியை அடிச்ச?

— அது வந்து...

— கேக்குறேன்ல?

— கல்லு மேல.

— அடப்பாவி! கல்லு மேல அடிச்சா கல்லுதான் பதில் சொல்லும். மணல் எப்படிடா சொல்லும்?

— கத்தாதக்கா. மேஸ்திரி பாக்குறாரு.

— பாக்கட்டும். ஆபீசுக்குப் போன் போட்டு பாலத்தை மூடச் சொல்லப் போறேன்.

— திறந்து ஒரு வாரம் கூட ஆகல. இனிமே எனக்கு ஒரு வாய்க்கால் வேலை கூடத் தர மாட்டாங்க. ராத்திரியோட ராத்திரியா இன்னும் நாலு குழி போட்டுடறேன்.

— மேல பஸ் ஓடும், கீழ நீ மண்ணை அதிர வைப்பியா? மூளை இருக்கா?

— நான் உன் தம்பிக்கா.

— அந்த பஸ்ல போறவனும் யாருக்கோ தம்பிதான். தள்ளு. ரிங் போகுது.

— சரி, பேசு. கம்பியை அடிச்சது யாருன்னு கேப்பாங்க, என்னைச் சொல்லு. எங்க அடிக்கணும்னு காட்டினது யாருன்னும் கேப்பாங்க.

— என்ன உளர்ற?

— குழிங்க மேல மணல் பரப்பி மூடியாச்சு. எது கல்லு, எது மணல்னு உனக்குத் தெரியல. மழை வருதுன்னு பறந்த. குடை நுனியால குத்தி, இங்க அடின்ன. இங்கயான்னு ரெண்டு தடவை கேட்டேன்.

— நீ சொல்லியிருக்கலாம்ல...

— எடுத்துட்டாங்கக்கா. அலோ அலோங்கறாங்க. ஏன் போனைக் கீழ இறக்கிட்ட?