சுத்திக்கினே இருந்த வட்டம்

போன பைக்குள்ள வச்சிக்கங்கம்மா. இந்தக் கொண்டை ஊசி திரும்பிட்டா அதுல ஒண்ணும் எடுக்காது. மேல பாருங்க, ஃபைவ் ஜின்னு இருந்தது போயி வெறும் ஈன்னு ஒரு எழுத்து வந்து நிக்கும். அதுக்கப்பால அது போன் இல்ல, சொம்மா டார்ச் லைட்டு. கம்பிய கெட்டியா புடிச்சிக்கங்க, ரோடு மோசம்.

அந்த வீடியோவா? வேணாங்கம்மா, காட்டாதீங்க. பாத்துட்டேன். ஊரே பாத்துடுச்சி. பச்சைப் பொடவ கட்டின பொம்பள ஒருத்தி உங்க வூட்டுக்காரரு சட்டைய புடிச்சி இழுக்கறா, அவரு ரத்தமா கெடக்கறாரு. அதான? நீங்க டிவில பேசனதையும் பாத்தேன். அவள தூக்குல போடணும்னு சொன்னீங்க. தப்பில்ல. உங்க எடத்துல இருந்தா நானும் அதத்தான் சொல்லியிருப்பேன்.

ஆமாங்க, எனக்கும் சேராங்குழிதான். அதே ஊருதான். ஏன் தள்ளி ஒக்கார்றீங்க? பயப்படாதீங்க. அன்னிக்கி நான் ஊர்ல இல்ல, சின்னசேலத்துல சவாரி. போலீசே விசாரிச்சி வுட்டாங்க. உங்கள ஸ்டேஷன்ல எறக்கி, அவரு பைக்க வாங்கி பின்னாடி ஏத்திக்கினு, பத்திரமா கீழ கொண்டாந்து வுடறது என் பொறுப்பு. ஆனா போறதுக்குள்ள ஒண்ணு சொல்றேன், கேப்பீங்களா? அந்தத் துண்டு வீடியோவுக்கு முன்னாடி இன்னா, பின்னாடி இன்னான்னு.

கேளுங்க. புடிக்கலன்னா நிறுத்துன்னு சொல்லுங்க, நிறுத்திடறேன்.

அந்தப் பொம்பள பேரு கலையரசி. ஊரு முனையில டீக்கடை, கூட உப்பு புளி மளிகை. எங்க ஊரு பள்ளத்துல கெடக்கு. டவரு வெள்ளிமலைல இருக்கு. நடுவுல கரடு, மொட்டைக் குன்னு. சிக்னல் தரைக்கு எறங்கவே எறங்காது. இவ இன்னா பண்ணா, ஒரு நீட்டு மூங்கில் வெட்டியாந்து கடைக்குப் பக்கத்துல நட்டா. அதுல கயிறு வுட்டு, ஒரு மஞ்சப் பையில எல்லாரு போனையும் போட்டு, கொடியேத்தற மாதிரி மேல ஏத்திடுவா. காலைல ஏத்தனா மத்தியானம் எறக்கலாம். அதுக்குள்ள வந்தது வந்துச்சி, வராதது வரல. கீழ மணலூர்பேட்டைல நீங்க படமே பாக்கறீங்க. இங்க ஒரு போட்டோ எறங்க அர நாளு ஆவும். வட்டம் சுத்தும் பாருங்க, அது சுத்திக்கினே கெடக்கும். கல்யாண போட்டோ வந்துக்கினு இருக்கும்போதே அங்க வளைகாப்பு முடிஞ்சிடும்னு சிரிப்பாங்க.

சிரிச்சிக்கினு இருந்த ஊருதாங்க.

இதுல ஒண்ணு கவனிங்க. வாய்ஸ் மெசேஜுக்கு எடை கம்மி. சட்டுனு எறங்கிடும். போட்டோவும் வீடியோவும் எடை ஜாஸ்தி. அந்த வாரம் எறங்கனது பூரா வாய்ஸு. எவனோ ஒருத்தன் அழுவாத கொறையா பேசறான். மலைக்குப் புள்ள புடிக்கறவன் வந்திருக்கான், பைக்குல வருவான், தோள்ல பையி, பை நெறைய செல்போனு, கொழந்தைங்கள தூக்கினு போயி கிட்னி எடுக்கறானுவோன்னு. அதெல்லாம் பொய்யின்னு போலீசு ஒரு வீடியோ வுட்டுச்சாம். கீழ எல்லாரும் பாத்தாங்க. எங்க பையில அது சுத்திக்கினே இருந்துச்சி. பொய்யி வந்து சேந்துடுச்சி, நெசம் மூங்கில்லயே தொங்குச்சி.

அப்பால ஊரு எப்டி இருக்கும்? ஆம்பளைங்க தடியோட ஊரு வாயில ஒக்காந்துட்டாங்க. பாத்திரம் விக்க வந்த ஆளக் கூட அடிச்சித் தொரத்திட்டாங்க. சின்னதுரைன்னு ஒருத்தன், அவன்தான் முன்ன நின்னான். கெட்டவன்னு சொல்ல மாட்டேன். ஒரே பொண்ணு அவனுக்கு, தனுஷா. ரொம்ப நாள் கழிச்சி பொறந்த கொழந்த. வாய்ஸ கேட்டதுலேந்து அதத் தோள்ல இருந்தே எறக்கல. அன்னிக்கித்தான் மரவள்ளிக் கெழங்கு புடுங்கணும்னு கீழ வுட்டுட்டுக் காட்டுக்குப் போனான்.

அன்னிக்கிக் காலைல பஞ்சாயத்து கிளார்க்கு மெசேஜ் அனுப்பிச்சிட்டாருங்க. அதயும் சொல்லணும். டவரு போட எடம் பாக்க சிவசங்கர்னு ஒருத்தர் வராரு, நம்ம ஊருக்கு நெட்டு வரப் போவுது, ஒத்தாச பண்ணுங்கன்னு. ஆனா அத எழுத்தா அனுப்பல. ஒரு பேப்பர்ல எழுதி, அவரு போட்டோவ ஒட்டி, அதப் படம் புடிச்சி அனுப்பிச்சாரு. படம். புரியுதாங்க? வட்டம் சுத்தனது சுத்தனதுதான், படம் எறங்கல.

உங்க வூட்டுக்காரரு மொதல்ல கலையரசி கடையிலதான் நின்னாரு. டீ கேட்டாரு. அந்த மூங்கில்ல தொங்கற பைய பாத்துட்டு, இன்னாக்கா இதுன்னாரு. சொன்னதும் சிரிச்சாரு பாருங்க, அப்டி ஒரு சிரிப்பாம். அத போட்டோ எடுத்துக்கினாரு. நான் வந்துட்டேன்ல, இனிமே இந்தக் கொம்ப வெட்டி அடுப்புல வைங்கக்கான்னு சொன்னாரு. அவ பயப்படலயான்னா, பயந்தா. பைய தொறந்து காட்டுங்கன்னே கேட்டா. அவரும் காட்டனாரு, உங்க கிளார்க்கு என் போட்டோவ அனுப்பியிருக்காரேக்கான்னும் சொன்னாரு. நாலஞ்சி போனு, ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒண்ணு, சிக்னல் எங்க எவ்ளோ வருதுன்னு பாக்கறதுக்காம். உங்க பொண்ணு போட்டோவயும் காட்டனாரு. முன் பல்லு ரெண்டும் வுழுந்த கொழந்த. அதப் பாத்ததும் இவளுக்கு பயம் போயிடுச்சி.

அழுவாதீங்கம்மா. தண்ணி அந்த சீட்டுக்கு அடியில இருக்கு, எடுத்துக் குடிங்க.

சொல்லட்டுங்களா?

டவரு வைக்க உச்சி எதுன்னு கேட்டாரு. பசங்க பாறையக் காட்டறோம்னு முன்னாடி ஓடுச்சிங்க. தனுஷாவும் ஓடுச்சி. திரும்பி வரச்ச அதுக்குக் கால்ல முள்ளு, நல்லா ஆழமா ஏறிடுச்சி. நடக்க முடியல, கத்துது. இவரு இன்னா பண்ணுவாரு? புள்ள பெத்தவராச்சே. பைய ஒரு தோள்ல போட்டுக்கினு, அதத் தூக்கி இன்னொரு தோள்ல வச்சிக்கினு எறங்கி வராரு.

கெழங்குக் காட்டுலேந்து சின்னதுரை பாத்தான். பையி, பைக்கு, கத்தற கொழந்த.

கையில கொடுவாக் கத்தி வச்சிருந்தான்மா. நல்ல வேளையா அது வழியிலயே வுழுந்துடுச்சி, இல்ல அங்கயே முடிஞ்சிருக்கும். கெழங்குத் தடியத்தான் புடுங்கனான். கொழந்தய ஒரு கையால பறிச்சான், இன்னொரு கையால அடிச்சான். மொத அடி காதோரம். அவரு இன்னாண்ணா இன்னாண்ணான்னுதான் கேட்டாராம். தனுஷா முள்ளு முள்ளுன்னு கத்துது. அத ஒருத்தன் காதுல வாங்கல. ஊரே ஓடியாந்துச்சி. கல்லு, தடி, செருப்பு. பைக்கப் பொரட்டனாங்க. பையக் கொட்டனாங்க. அதுலேந்து நாலஞ்சி போனும் வுழுந்துச்சா, அவ்ளோதான். வாய்ஸுல சொன்னது அப்டியே இருக்குதேன்னு வெறி ஏறிடுச்சி. மிதிச்சாங்கம்மா. மூஞ்சிலயே மிதிச்சாங்க. பொம்பளைங்களும்தான். மறைக்க மாட்டேன்.

கலையரசி பால் காய்ச்சிக்கினு இருந்தவ, அடுப்ப அப்டியே போட்டுட்டு ஓடனா. கூட்டத்துக்குள்ள பூந்து அவரு மேல கவுந்து படுத்துக்கினா. அடி பூரா இவ முதுகுல. ஒருத்தன் முடியப் புடிச்சி இழுக்கறான், ஒருத்தன் இடுப்புல ஒதைக்கறான். சின்னதுரை வீசன தடிக்கு கையக் குறுக்க குடுத்தா. மணிக்கட்டு படார்னுச்சாம். அந்தக் கை தொங்கிப் போச்சி. மத்தக் கையால அவரு சட்டையப் புடிச்சி, கடைக்குள்ள இழுத்துப் போட்டுக் கதவ சாத்திடலாம்னு இழுத்தா.

அதாங்க அந்த வீடியோ. அந்த இழுப்புதான். எடுத்தவன் அன்னிக்கிப் போன பையில போடல, முழுசாத்தான் எடுத்தான். எடை ஜாஸ்தின்னு துண்டு துண்டா வெட்டி கரடு மேல ஏறி அனுப்பனான், அதுல அந்தத் துண்டு மட்டும்தான் கீழ போச்சி. மிச்சம் போவல. அப்பால பயத்துல போன கெணத்துல போட்டுட்டான்.

இழுக்க முடியல அவளால. ஒத்தக் கையி. அப்பத்தான் கத்தனா. டேய், கிளார்க்கு போட்டோ அனுப்பியிருக்காருடா, காலைல ஒண்ணு வந்து சுத்திக்கினு இருந்துச்சிடா, பைய எறக்கிப் பாருங்கடா, அந்த மூஞ்சியப் பாத்துட்டு அடிங்கடான்னு. அந்தக் கத்தல்ல கூட்டம் நின்னுச்சிங்க. சின்னதுரையே நின்னான். யாரோ கயிற அவுத்து பைய எறக்கனாங்க. எறக்கனா சிக்னல் போயிடும்னு இன்னொருத்தன் ஒரு போன எடுத்துக்கினு கடை கூரை மேல ஏறி, தலைக்கு மேல தூக்கிப் புடிச்சான்.

ஊரே அண்ணாந்து பாக்குது. அவரு மூச்சு மட்டும் கொர் கொர்னு கேக்குது. மங்கலா ஒரு படம், நடுவுல வட்டம். அது சுத்துது. சுத்துது. கலையரசி அவரு தலைய மடியில வச்சிக்கினு, வந்துடுச்சா வந்துடுச்சான்னு கேக்கறா. இருங்கக்கா, வருதுங்கறான் கூரை மேல இருக்கறவன். அவளுக்கு அந்த நேரம் எல்லா சாமியும் ஞாபகத்துக்கு வந்துச்சாம். ஒரு சாமி கிட்டயும் உசுர கேக்கலயாம். இந்தப் படம் வரட்டும்னுதான் கேட்டாளாம்.

கூரை மேல இருந்தவன் சொன்னான், நின்னு போச்சிக்கா, திரும்ப அமுக்குன்னு வருதுன்னு.

அவ்ளோதாங்க. சின்னதுரை, பொய்யி சொல்லி காப்பாத்தப் பாக்கறியாடின்னு இவள ஒரு ஒதை ஒதச்சித் தள்ளிட்டு, கல்லத் தூக்கனான்.

அது வேணாம். அத நான் சொல்லல.

அது முடிஞ்சி, ஒரு வெத்தலை போட்டுத் துப்பற நேரம் கூட ஆயிருக்காது. கூரை மேல டிங்னு ஒரு சத்தம். படம் தெளிஞ்சிடுச்சி. உங்க வூட்டுக்காரரு, கழுத்துல கம்பெனி அட்ட மாட்டிக்கினு, அதே சிரிப்பு. அந்தப் பையன் எறங்கி வந்து ஒவ்வொருத்தன் மூஞ்சிக்கு நேரா காட்டனான். தடியெல்லாம் கீழ வுழுந்துச்சி. சின்னதுரை அந்தப் போனயே பாத்துக்கினு இருந்தான், அப்பால வாந்தி எடுத்தான். தனுஷா அப்பவும் முள்ளு எடுங்கப்பான்னு அழுதுக்கினு இருக்குது.

ஆம்புலன்சுக்கு போன் போவல. கெழங்கு ஏத்தற வண்டியில அவரப் போட்டுக்கினு கலையரசிதான் கூட ஏறனா. வேற எவனும் ஏறல. வழி பூரா அவரு தலை ஆடாம மடியில புடிச்சிக்கினு வந்தா. ஆஸ்பத்திரி வாசல்ல போலீசு. பொடவ பூரா ரத்தம். அதுக்குள்ள அந்தத் துண்டு வீடியோ கீழ எல்லா போன்லயும் ஓடுது. இவதான் அவன்னு அங்கயே புடிச்சிட்டாங்க. சின்னதுரைய மறுநாளு காட்டுல புடிச்சாங்க.

ஊரு ஏன் வாயத் தொறக்கலன்னா? தொறக்க மாட்டாங்கம்மா. தடுத்தது யாருன்னு சொன்னா, அடிச்சது யாருன்னும் சொல்லணுமே.

நம்பலன்னா நம்பாதீங்க. நான் ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறேன். அவரு ஆஸ்பத்திரில உசுரு போறதுக்கு முன்னாடி கண்ணு தொறந்தாருன்னு சொன்னாங்க. பேசினாரா? ஏதாச்சும் சொன்னாரா உங்க கிட்ட?

இன்னாம்மா? கொஞ்சம் சத்தமா சொல்லுங்க, இஞ்சின் எரைச்சல்.

அக்கா கைய பாருங்கன்னா?

அதே சொல்லிக்கினு இருந்தாரா? அவருக்கு அக்காவே கெடையாதா? பெனாத்தறாருன்னு நெனச்சிட்டீங்களா?

இல்லங்க. பெனாத்தல.

இருங்க, வண்டிய ஓரமா நிறுத்திக்கறேன். ஒண்ணுமில்ல. கண்ணு தெரியல எனக்கு, அதான்.

ஆங்? இதெல்லாம் எனக்கு எப்டித் தெரியும்னா? நான்தான் ஊர்லயே இல்லயே. அவ சொன்னதுதாங்க. வேலூர் ஜெயில்ல மனு போட்டுப் பாக்கறப்பல்லாம் அன்னிக்கி நடந்ததயே சொல்லுவா. அந்தக் கை சரியா கூடலைங்க, கோணலா கூடிப் போச்சி. சோத்த அள்ளி வாய்க்குக் கொண்டு போவ முடியலன்னு எடது கையால சாப்புடறா. என் சம்சாரங்க அவ.

வாங்க, போலாம். ஸ்டேஷன் அந்தத் திருப்பத்துக்கு அந்தாண்டதான். அங்க ஐயா கிட்ட அவரு சொன்ன அந்த வார்த்தைய நீங்க சொன்னாலும் சரி, சொல்லாட்டியும் சரி, நான் வெளிய நின்னுக்கினுதான் இருப்பேன். எறங்கும்போது பாத்து எறங்குங்கம்மா, படி ஒசரம்.