நூத்திப்பதினேழாம் நம்பர் சைக்கிள்

கரண்டு இப்பத்திக்கு வராதுங்க. எங்க சோளக்காடு ஊருல மேகம் எறங்குனா முதல்ல கரண்டுதான் போவும், அப்பறந்தான் மழையே வரும். இதுல உக்காருங்க, அந்த ஸ்டூலு ஆடும். இது பாஸ்போர்ட் போட்டோவுக்குப் போடற சேரு, ஆடாது. டீ சொல்லட்டுங்களா? சரிங்க, வேண்டாம்னா விடுங்க.

நீங்க யாருன்னு சொல்ல வேண்டியதே இல்லீங்க. நூத்திப்பதினேழுன்னீங்க பாருங்க, அப்பவே தெரிஞ்சு போச்சு. யமுனாவோட அப்பா. ராசிபுரத்துல சைக்கிள் கடை. அர்த்தனாரியண்ணன் தானுங்களே? புள்ள போன பின்னால வெச்ச விசாரணை அன்னிக்கு உங்களத் தூரத்துல இருந்து பாத்தேன். வேப்பமரத்துக்கடியில வண்டி மேல சாஞ்சு நின்னுக்கிட்டு இருந்தீங்க. பக்கத்துல வரலாம்னுதான் நெனச்சேன். ரெண்டு வருசம் ஆச்சுங்க, வரல.

இல்லீங்க, பேட்டரியும் செத்துப் போச்சு. படமெல்லாம் அந்த கம்ப்யூட்டருக்குள்ள பத்திரமாத்தான் இருக்குது. எங்கயும் போவல.

உங்களுக்கு வேணும்ங்கறது புள்ள நிக்கற படம். புரியுதுங்க. விசாரணையில காட்டுன படத்துல சைக்கிள் மட்டுந்தான் இருந்துச்சு. ஆமாங்க, போட்டிச் சட்டப்படி சைக்கிளோட ஆளும் நிக்கோணும். அப்பறம் ஏன் ஆளில்லாத படத்தக் காட்டுனாங்கன்னு யாருமே கேக்கல. நீங்கதான் முதல்ல கேக்கறீங்க.

சொல்றேனுங்க. கரண்டு வர்ற வரைக்கும் வேற என்ன சோலி.

அந்தப் போட்டி நடத்துனவங்க கோயமுத்தூரு பக்கத்து ஆளுங்க. வாசலூர்பட்டி ஏரியில நீச்சல். கரையேறி ஈரத்தோட சைக்கிள எடுத்துக்கிட்டு, காரவள்ளி அடிவாரம் வரைக்கும் எழுவது வளைவும் எறங்கி, மறுபடி ஏறி வரோணும். வந்து சைக்கிளப் போட்டுட்டு ஓடோணும். இதுக்குக் காசு கட்டி வர்றாங்களான்னு எம் பொண்டாட்டி சென்னம்மா சிரிச்சா. எங்காளுங்க காலம்பூராவும் இந்த மேட்டுல மொளகு மூட்டையச் சுமந்து கெடக்கறாங்க, அவங்களுக்கு யாருங்க மெடலு குடுத்தா.

அந்தப் போட்டியில ஒரு கட்டாயம் இருக்குது, உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். மொத நாளே எல்லாரும் சைக்கிளக் கொண்டாந்து வேலி போட்ட எடத்துல நிறுத்திப்போடோணும். உள்ள விடறதுக்கு முன்னாடி ஒவ்வொரு சைக்கிளையும் போட்டோ எடுக்கோணும். ஒருத்தரையும் எடுக்காம விடக் கூடாது. ரெண்டு லச்சம், மூணு லச்சம் சைக்கிளாம். ஓடி முடிச்ச கெறக்கத்துல ஒருத்தன் இன்னொருத்தன் சைக்கிளத் தள்ளிக்கிட்டுப் போயிட்டா? வெளிய வரும்போது படத்தையும் சைக்கிளையும் ஆளையும் ஒத்துப் பாத்துத்தான் விடுவாங்க. சாமானம் எதுனா மாத்தியிருந்தாலும் தெரிஞ்சு போயிரும்.

மலையில ஸ்டுடியோ வெச்சிருக்கறது நான் ஒருத்தன்தான். வந்து கேட்டாங்க. சரின்னேன்.

அண்ணா, ஒண்ணு சொன்னா நம்போணும். எனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாதுங்க. அம்பத்தஞ்சு வயசாவுது, சைக்கிள்ல ஏறி உக்காந்தது கூட இல்ல. எங்க அரியூரு நாட்டுல, அந்தச் சுத்துப்பட்டு ஊருகள்ல, யாரு ஊட்டுல சைக்கிள் இருந்துச்சு? ஏறுனா தள்ளோணும், எறங்குனா தலகீழாப் போவோணும். நடந்தோம், அப்பறம் பஸ்சு வந்துச்சு, அப்பறம் பைக்கு. நடுவுல சைக்கிள்னு ஒண்ணு எங்க மலைக்கு வரவே இல்ல. எதை எறுக்கறது, எதைத் திருவறது, ஒண்ணும் தெரியாது. எனக்குத் தெரிஞ்சது மூஞ்சி மட்டுந்தான்.

இருவத்தெட்டு வருசமா மூஞ்சிதானுங்க எடுக்கறேன். ஆதாரு, பள்ளிக்கூடம், சாதிச் சான்றிதழ், காதுகுத்து. சேருல உக்கார வெச்சு, தாடையத் தூக்கிவிட்டு, காலர நேராக்கி, நெத்தியில விழற முடிய ஒதுக்கி விட்டு எடுப்பேன். காது தெரியலீன்னா ஆபீசுல திருப்பி அனுப்பிச்சுப்போடுவான். குண்டனி நாட்டுல இருந்து மூணு மணி நேரம் நடந்து வந்த சனத்த, காது தெரியலீன்னு மறுக்கா நடக்க விட முடியுங்களா? அதனால கை தானாப் போயிரும். கேக்கறதே இல்ல, ஒதுக்கி விட்டுருவேன்.

இப்ப இல்லீங்க. இப்ப யாரையும் தொடறதில்ல. காலையில கூட ஒரு சின்னப் புள்ள வந்துச்சு, கண்ண மறைக்கற மாதிரி முடி. நீயே ஒதுக்கிக்க கண்ணுன்னேன். அது தப்புத்தப்பா ஒதுக்குது, அவங்கம்மா என்ன ஒரு மாதிரி பாக்கறாங்க. சென்னம்மாளுக்கு இதெல்லாம் கண்ணுல படாமப் போவுமா? கேமராவுக்கு ரெண்டு கை மொளச்சிருச்சுன்னா உங்களுக்கு வேலையே இல்லீங்கறா. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா. சொல்லிப்போட்டு என் கையவே பாத்தா.

மழை வந்துருச்சு பாருங்க. சாரல் அடிக்குது, சேரக் கொஞ்சம் உள்ள இழுத்துக்குங்க.

சனிக்கெழமை மத்தியானமுங்க. இருநூத்துச் சில்லறை சைக்கிள். வரிசை ஏரிக்கரை முழுக்க நிக்குது. எடுத்த படத்த செல்வம்னு ஒருத்தன் கம்ப்யூட்டருல ஏத்துவான், அவங்க ஆளு, சின்ன வயசு. செயின் இல்லாத பக்கமா நின்னு எடுக்கோணும். அந்தப் பக்கந்தான் முன் சக்கரத்தப் புடிச்சிருக்கற கவட்டையில நம்பர் ஒட்டியிருப்பாங்க. மூணு எண்ணும் தெளிவாத் தெரியோணும், இல்லீன்னா திருப்பிருவான்.

உங்க புள்ள வெள்ளச் சட்டையில வந்துச்சுங்க. நெறைய பேரு மொறச்சுக்கிட்டு நிப்பாங்க, என்னமோ சண்டைக்குப் போற மாதிரி. இது சிரிச்சுச்சு. அங்கிள், என்னை விட்டாலும் பரவால்ல, சைக்கிள நல்லா எடுங்க, எங்கப்பா ஒவ்வொரு நட்டா மாட்டுனதுன்னு சொல்லுச்சு. நான் சும்மா பேச்சுக்கு, எல்லாம் சரியா இருக்குதான்னு ஒருக்காப் பாத்துக்க சாமின்னேன். எல்லாத்துக்கிட்டயும் சொல்றதுதான். அதுக்கு அந்தப் புள்ள,

எங்கப்பா மாட்டுனா நான் பாக்கவே மாட்டேன் அங்கிள்.

அப்படின்னுச்சு.

தண்ணி குடிங்கண்ணா. இந்தாங்க.

நீங்க கடைய மூடிட்டீங்கன்னு கேள்விப்பட்டேன். ராசிபுரத்துல இருந்து வர்ற அன்னாசி யாவாரி ஒருத்தரு சொன்னாரு. ஊரு வாயி அப்பிடித்தானுங்க. ஊருக்கெல்லாம் சக்கரம் மாட்டுனவன் பெத்த புள்ள சக்கரத்த எறுக்காம விட்டுப்போட்டான்னு பேசுனாங்களாம். உங்க காதுக்கே வந்துச்சுங்களா? இல்லீங்க. நீங்க அப்பிடிச் சொல்லாதீங்க. நாந்தான் எறுக்கல, மறந்துட்டேன்னு உங்க வாயால நீங்க சொல்லாதீங்க. வந்ததுல இருந்து மூணு தடவ சொல்லிட்டீங்க. எனக்குக் கேக்க முடியலீங்க.

அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு கண்ணாயி சொன்னா. அறுவத்தி ரெண்டாம் வளைவுக்குக் கீழ கொய்யாப்பழம் விக்கறவ. அவ மொதல்ல பாத்தது சக்கரத்தத்தானாம். ஒத்தச் சக்கரம், ஆளு இல்லாம, வண்டி இல்லாம, ரோட்டு நடுவுல ஒழுங்கா உருண்டு வருதாம். யாரோ வெளையாட்டுக்கு உருட்டி விட்டுருக்கறாங்கன்னு இவ சிரிச்சிருக்கறா. அது கூடையத் தாண்டி, வளைவுல கூட ஒடிஞ்சு திரும்பி, காப்பிக் காட்டுக்குள்ள போயிருச்சாம். அதுக்கப்பறந்தான் மேல இருந்து சத்தம் கேட்டிருக்குது. இன்னும் அந்த எடத்துல உக்காரமாட்டேங்கறா. கூடையத் தூக்கிட்டு ரெண்டு வளைவு மேல போயிட்டா. நான் பஸ்சுல மலை எறங்குனா, அந்த எடம் வர்றதுக்கு முன்னாடி அறுவத்தஞ்சுலயே கண்ண மூடிக்குவேன். மூடுனா உருளறது இன்னும் நல்லாத் தெரியுதுங்க.

அப்பறந்தான் அந்தப் படத்த எடுத்துக்கிட்டு விசாரணைக்குப் போனாங்க. நூத்திப்பதினேழு. பெருசாக்கிப் பாத்தா முன் சக்கரத்தக் கவட்டையோட எறுக்கிப் புடிக்கற லீவரு தெறந்து கீழ பாத்துக் கெடக்குது. அது மேல பாத்து மடங்கி இருந்தாத்தான் சக்கரம் நிக்குமாம். சனிக்கெழமையே தெறந்துதான் இருந்திருக்குது, மாட்டுன ஆளு எறுக்கல, முடிஞ்சுதுன்னு எழுதிட்டாங்க. லீவருன்னா என்ன, அது எதுக்குன்னு எனக்கு அன்னிக்குத்தானுங்க தெரியும். அந்த ரூமுல நின்னுக்கிட்டு இருக்கறப்பத்தான்.

என்னைக் கூப்புட்டு, இது நீ எடுத்த படமான்னு கேட்டாங்க.

ஆமாங்கன்னேன்.

எதாவது மாத்தினயா, அழிச்சயான்னாங்க. இல்லீங்கன்னேன். அது பொய்யில்லீங்க. படத்துல ஒண்ணும் மாத்தல. வேற படம் இருக்குதான்னு அவங்க கேக்கல. கேட்டிருந்தா சொல்லியிருப்பனா? ரெண்டு வருசமா இதத்தான் எனக்கு நானே கேட்டுக்கிட்டு இருக்கறேன். சில நாளு சொல்லியிருப்பேன்னு தோணுது. சில நாளு, நல்லவேளை கேக்கலீன்னு தோணுது.

ஆமாங்க. இருக்குது. ரெண்டு படம் எடுத்தேன்.

மொதல்ல எடுத்ததுல உங்க புள்ள நிக்குது. சிரிச்சுக்கிட்டு, ஒரு கைய சீட்டு மேல வெச்சுக்கிட்டு நிக்குது. செல்வம் அத ஏத்தும்போது திருப்பிட்டான். நம்பர்ல கடைசி ஏழு தெரியல, வெறும் பதினொண்ணாத் தெரியுது, மறுக்கா எடுங்கன்னான். அதுக்குள்ள புள்ள உள்ள சைக்கிள நிறுத்திப்போட்டு, தங்கற எடத்துக்குப் போயிருச்சு. தேடி ஆளனுப்பலாம். வரிசையில இன்னும் எம்பது பேரு. வேலிக்குள்ள போறதுக்கு அட்டை என்கிட்ட இருக்குது. ஆளில்லீன்னாப் பரவால்ல, நம்பர் தெரிஞ்சாப் போதும்னு செல்வமும் சொல்லிட்டான். நான் ஒருத்தன் தான் உள்ள போனேன். சுத்தியும் சைக்கிள், ஒரு மனுசன் இல்ல. தண்ணி மேல இருந்து காத்து வந்துக்கிட்டு இருந்துச்சு.

அடுத்த நாளு அந்தப் புள்ள ஏரியில இருந்து ஏறி ஓடி வந்து, எடுத்துக்கிட்டுப் போனத நான் பாத்தேன். காத்து சரியா இருக்குதான்னு டயர ஒரு அமுக்கு அமுக்குச்சு. அவ்வளவுதான். வேற எதையும் பாக்கல.

வந்துருச்சுங்க. ஃபேன் சுத்துது பாருங்க. இருங்க, இது தெறக்கக் கொஞ்ச நேரம் புடிக்கும்.

ஸ்கிரீன்ல தெரியுதே, இந்த டப்பாவுக்குள்ளதான் வெச்சிருக்கறேன். பேரு போடல, நம்பர் மட்டும். அழிக்கோணும்னு எத்தனையோ நாளு கையக் கொண்டு போயிருக்கறேன். புள்ள மூஞ்சி இருக்குதே, எப்பிடிங்க அழிக்கறது.

இதா. பாருங்க.

அழுவுங்கண்ணா, பரவால்ல. யாரும் வரமாட்டாங்க, மழை.

மூஞ்சியப் பாத்தாச்சுங்களா? இப்ப கொஞ்சம் கீழ பாருங்க. முன் சக்கரத்துக்கிட்ட. பெருசாக்கறேன். கடைசி ஏழ மறச்சுக்கிட்டு லீவரு நிக்குது பாருங்க, மேல பாத்து, கவட்டையோட ஒட்டுனாப்புல, நல்லா மடங்கி. நீங்க எறுக்குனதுங்க. உங்க கைதான். நீங்க மறக்கல.

இது ரெண்டாவது. ஏழு தெரியுது. அது கீழ கெடக்குது.

நடுவுல வேற யாரும் அங்க வரலீங்க. நம்பர மறைக்குதுன்னு நாந்தான் தள்ளி விட்டேன், நெத்தி முடிய ஒதுக்கற மாதிரி. அது எதுக்கு இருக்குதுன்னு தெரியாது. கொஞ்சம் கெட்டியா இருந்துச்சு, கட்டைவிரலக் குடுத்து அமுக்குனேன், டக்குன்னு எறங்குச்சு. படத்த எடுத்தேன். திருப்பி வெக்கோணும்னு தோணவே இல்ல. முடிய ஒதுக்குனா யாருங்க திருப்பி நெத்தியில எடுத்து விடறது.

பிரிண்டு போட்டுக் குடுத்தர்றேனுங்க. முழுசாப் போட்டா லீவரும் தெரியும், ரெண்டாவதையும் சேத்துக் குடுக்கறேன். எங்க கொண்டு போயிக் காட்டுனாலும் சரி, கூப்புட்டாங்கன்னா வாரேன். இந்தத் தடவ கேக்காமயே சொல்லுவேன்.

ஏனுங்கண்ணா, புள்ள மூஞ்சி மட்டும் வர்ற மாதிரி வெட்டிப் போடட்டுங்களா, இல்ல சக்கரமும் சேந்து வரட்டுங்களா?