இரண்டாவது கோடு

மலை ஏறி வருகிறவருக்கு முதலில் சூடாக ஏதாவது குடிக்கக் கொடுக்க வேண்டும். அது எங்கள் ஊர் மரியாதை. செம்புச் சுரங்கத்தின் மருத்துவ அறையில் நர்ஸாக இருந்த பன்னிரண்டு வருஷமும் அதை நான் விட்டதில்லை.

லாரி ஓட்டுநர்கள் காலையில் பேருந்தில் வந்து இறங்குவார்கள். மதியம் சிறுநீர் சோதனை. பட்டையில் இரண்டு கோடு விழ வேண்டும். இரண்டாவது மங்கலாக விழுந்தாலும் சுத்தம்தான். ஒரே கோடு என்றால் கொக்கெய்ன், அன்றோடு வேலை போச்சு. கோக்கா இலைத் தேநீர் குடித்தவருக்கும் அதே ஒரே கோடுதான். கொக்கெய்ன் பொடி அந்த இலையிலிருந்துதான் வருகிறது, இலையா பொடியா என்று பட்டைக்குத் தெரியாது. அதனால் ஓட்டுநர்கள் இலையைத் தொடமாட்டார்கள். நான் கொடுத்தது முன்யா, புதினா வாசனை அடிக்கும் மலைப் பச்சிலை.

ரொஹெலியோ பாரி தங்கமான மனிதர். பெற்ற தாயின் அடக்கத்தில் எல்லோரும் இலை மென்றபோதும் அவர் மெல்லவில்லை. அதற்காக ஊரே அவரைக் குறை சொன்னது. மனைவி அப்போது மாசமாக இருந்தாள். ஒவ்வொரு சோதனையிலும், “ரெண்டு கோடு வந்துருச்சாக்கா? அப்ப எனக்கும் புள்ளதான்,” என்பார். நான் சிரிப்பேன். எனக்கு அவரைப் பிடிக்கும். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

என் மகன் யெர்சன் உரிமம் எடுத்துப் பதினான்கு மாதமாக வீட்டில் இருந்தான். ஒருவர் இறங்கினால்தான் இன்னொருவர் லாரியில் ஏற முடியும். அந்த ஏற்பாட்டை நான் செய்யவில்லை.

அன்று ரொஹெலியோவுக்கு மட்டும் தனிப் பாத்திரத்தில், முன்யாவுக்கு அடியில் கோக்கா இலையை அள்ளிப் போட்டுக் கொதிக்கவிட்டேன். சர்க்கரை கொஞ்சம் கூடுதல். ரொஹெலியோ இரண்டாவது கோப்பையும் கேட்டு வாங்கினார்.

மதியம் பட்டையை வெகுநேரம் பார்த்தார். “புள்ள கலைஞ்சிருச்சாக்கா?” என்றார். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

இலை மென்றீர்களா, இலைத் தேநீர் குடித்தீர்களா என்று கேட்டு எழுதுவது விதி. கேட்டேன்.

“சத்தியமா இல்லக்கா. நீங்க குடுத்த முன்யாவத் தவிர ஒண்ணும் குடிக்கல.”

‘இல்லை என்றார்’ என்று எழுதினேன். லீமாவின் ஆய்வகமும் கொக்கெய்ன் என்றே சொன்னது. இலை குடித்தேன் என்று சொல்லியிருந்தாலாவது யோசித்திருப்பார்கள். இல்லை என்றதால் பொய்யர் ஆனார்.

பிறகு எங்கும் வேலை கிடைக்காமல் தங்கக் குழியில் கூலிக்குப் போனார். மண் சரிந்து மூடியபோது குழந்தை பிறந்து ஒன்பது நாள். அடக்கத்துக்குப் போனேன், வாய்விட்டு அழுதேன். அதற்கப்புறம் என் தங்கை மகன்கள் இருவருக்கும் இடம் வேண்டியிருந்தது. இன்னும் இரண்டு பேருக்கு அதே முன்யா.

எந்த முடிவையும் நான் திருத்தியதில்லை. பட்டை காட்டியதை எழுதினேன், அவர்கள் சொன்னதை எழுதினேன். நம் பிள்ளைகளாயிற்றே என்று எந்தச் சலுகையும் காட்டியதில்லை. எங்கள் பிள்ளைகள் மூவருக்கும் நான் தேநீர்கூடக் கொடுத்ததில்லை, வெறும் வெந்நீர்தான்.