கதவைச் சாத்திக்கொண்டு கேட்ட மன்னிப்பு

"அவன் செத்தவனாவே இருந்திருக்கணும்க்கா. கோர்ட்டுக்கு இன்னாத்துக்கு வந்தான்?"

மாமல்லபுரத்திலிருந்து செங்கல்பட்டு போகும் பேருந்தில், எனக்கு முன்சீட்டிலிருந்து இந்தக் கேள்வி வந்தது. மீன் விற்கும் பெண்கள் இருவர். பேச்சு, டிவியில் பார்த்த ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்தைப் பற்றி. செய்யாத கொலைக்காக ஊரே கூடி ஒருவனை ஆற்றில் தள்ளிவிடுகிறது. தள்ளியவர்களைத் தூக்கில் போடப்போகிற நேரத்தில் அவன் உயிரோடு வந்து நிற்கிறான்.

"மனசு கேக்கல அவனுக்கு," என்றாள் மூத்தவள்.

"தள்ளும்போது அவங்களுக்கு மட்டும் கேட்டுச்சா?"

"உன் வூட்டுக்காரர அடிச்சவங்களும் நம்ம குப்பத்து ஆளுங்கதாம்மே. வலைய திருடிட்டார்னு நெனச்சிட்டாங்க. அத கடலு இழுத்துகினு போய் அடுத்த குப்பத்துல தள்ளும்னு யாருக்குத் தெரியும்? அதான் வூடு தேடி வந்து மன்னிப்பு கேட்டாங்களே."

"கதவ சாத்திகினு கேட்டாங்க. அடிச்சது எங்க? மீனு ஏலம் வுடற எடத்துல, அத்தினி பேரும் பாக்க. அங்க வந்து கேளுங்கன்னேன். ஒருத்தனும் வரல. அவருக்கு வலை இழுக்கற கை இன்னும் மடங்கல."

"படகுலேர்ந்து வுழுந்துட்டார்னு கோர்ட்டுல ஒரு வார்த்த சொல்லிட்டா எல்லாருக்கும் பேஜாரு தீரும்."

கோர்ட் ஸ்டாப்பிங் என்று கண்டக்டர் குரல் கொடுத்தார். இளையவள் எழுந்து கொசுவத்தைச் சரிசெய்தாள்.

"படத்துல அவன் காப்பாத்தப் போனான்க்கா. நான் ஒவ்வொருத்தனா கை காட்டப் போறேன். அத்தினி பேரும் பாக்க."