டாக்டர் நிற்கும்போது சாய்ந்து உட்காருவது

கடலூர் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் வயதான கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். தவளக்குப்பம் தாண்டியதும் அந்த அம்மாள் சொன்னது காதில் விழுந்தது.

“எக்ஸ்ரே மிஷினுக்கு யாருனா மரியாதை குடுப்பாங்களா?”

“மிஷினுக்கு இல்ல. கண்ணாடிக்கு அந்தாண்ட டாக்டரே நின்னுகினு இருந்தாரு.”

“வூட்ல உக்கார்ற மாதிரி உக்காருங்கன்னுதானே சொன்னாரு? நீங்க இன்னாடான்னா நெஞ்ச நிமித்திகினு ஸ்டூல் நுனியில குந்திகினு இருந்தீங்க.”

“அவ்ளோ பெரிய டாக்டர் நிக்கிறப்ப சாஞ்சிகினா குந்த முடியும்?”

“அதான் உங்க முதுகு வளையவே மாட்டேங்குதுன்னு படத்துல வந்துட்டுது. உக்கார்றப்ப முதுகு வளைஞ்சி இடுப்பெலும்பு பின்னாடி சாயுதான்னு பாத்துதான் இடுப்புல புது மூட்டு எப்பிடி வெக்கிறதுன்னு முடிவு பண்ணுவாராம். தப்பா வெச்சா, குனியறப்ப கழண்டுக்குமாம். இப்ப மறுபடி படம் எடுக்கணும்.”

“இடுப்பு வலின்னு போனா முதுகப் படம் புடிக்கிறாங்க. அதுக்கு நான் இன்னா பண்றது?”

“ஒண்ணும் பண்ண வேணாம். சாஞ்சி உக்காருங்க, அது போதும்.”

அவர் மெல்லச் சாய்ந்தார். கிருமாம்பாக்கத்தில் வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர் ஏறினார்.

“சம்பந்தி ஏறுறாரு” என்று சொல்லிக்கொண்டே, முகத்தைச் சுளித்தபடி, கம்பியைப் பிடித்துப் பெரியவர் எழுந்து நின்றுவிட்டார்.

அந்த அம்மாள் ஜன்னலோரம் நகர்ந்து இடம்விட்டார்.

“வாங்கண்ணா, உக்காருங்க. இவரு நிக்கட்டும். இவருக்கு உக்காரத் தெரியாது.”