நீலக் கயிறு கட்டின பிரஷ்

— பொய் சொல்லாத கண்ணு. வெல்டிங் பண்றவ பட்டப்பகல் பன்னெண்டு மணிக்கு வீட்டுக்கு வந்து வெங்காயம் உரிக்கிறான்னா, ஒண்ணு பட்டறை எரிஞ்சிருக்கணும், இல்ல நீ அழுதிருக்கணும்.

— வெங்காயம்தான் அத்தை கண்ணை எரிக்குது.

— வெங்காயத்தை இப்பதான் எடுத்த. வாசல்ல செருப்பு கழட்டும்போதே கண்ணு சிவந்திருந்துச்சு. மாமியார்னா குருடின்னு நினைப்பா?

— சரி. நான் போட்ட ஜாயின்ட் ஒண்ணை வேண்டாம்னுட்டாங்க. மூணு மணிக்கு மறுபடியும் போட்டுக் காட்டணும். அதுவரைக்கும் அங்க நிக்கப் பிடிக்கல, வந்துட்டேன். போதுமா?

— உன் ஜாயின்டையா? எவன் சொன்னான்?

— பூதக்கண்ணாடி.

— அந்தச் சோதனை பண்ற மனுஷனா? சோத்துல கல்லு தேடக்கூட லென்ஸை எடுப்பார்னு சொல்லுவியே, அவரா?

— அவரேதான். அவரைச் சொல்லிக் குத்தமில்ல. அது நிக்கல் குழாய் அத்தை. கூட குரோமியம், அது இதுன்னு சேர்த்துச் செஞ்ச கலவை. சூடான ஆசிட் அதுக்குள்ள நிக்காம ஓடப்போகுது. இந்தக் கரண்டியை அந்த ஆசிட்ல போட்டா, எடுக்கப் போறதுக்குள்ள காம்பு கூட மிஞ்சாது. அந்தக் குழாய் மட்டும் வருஷக்கணக்கா அது பாட்டுக்குக் கிடக்கும்.

— நல்ல பொறுமைசாலி. அப்புறம் என்ன கேடு வந்துச்சு அதுக்கு?

— வெல்டிங் முடிச்சதும் தண்ணி தெளிச்சு ஒரு நாள் விடுவாங்க. இன்னிக்குக் காலையில பார்த்தா ஜாயின்ட் சுத்தி செம்புள்ளி. அம்மை போட்ட மாதிரி.

— துருவா? துருவே பிடிக்காதுன்னு நீதானே போன வாரம் பெருமை அடிச்ச?

— பிடிக்காது. அதான் விஷயமே. 'இது இந்தக் குழாயோட துரு இல்லம்மா, வேற எங்கேயோ இருந்து நீ கொண்டுவந்து தேய்ச்ச துரு'ன்னார். இரும்புத் தூசி துளி பதிஞ்சிருந்தாப் போதும், ஆசிட் அந்த இடத்தைப் பிடிச்சு நோண்ட ஆரம்பிச்சுடும். குழாய்க்குக் கீழ ஆளுங்க நடமாடுவாங்க அத்தை. அவர் சொன்னது நூத்துக்கு நூறு சரி.

— நீ எதுக்கு இரும்பைக் கொண்டுபோய் அதுல தேய்க்கப் போற?

— ஏதோ கவனமில்லாம பண்ணிட்டேன். கை தப்பிடுச்சு.

— யார் கை? உன் கையா? நான் ஊசியில நூல் கோக்க பத்து நிமிஷம் தடவுவேன், நீ பேசிக்கிட்டே கோத்துக் கொடுத்துடுவ. அந்தக் கை தப்புமா? அப்படிச் சொல்லு, நம்புறேன்.

— நம்பாட்டிப் போங்க.

— ஒவ்வொரு வரிசை வெல்டிங் முடிஞ்சதும் கம்பி பிரஷ்ல தேய்ப்பேன்னு சொல்லுவியே. அந்த பிரஷ்ல ஏதாவது...

— பிரஷ் நல்லாத்தான் இருக்கு!

— இப்ப எதுக்கு இந்தக் கத்து கத்துற?

— கத்தல அத்தை.

— எங்க, கொண்டா பார்ப்போம். நீலக் கயிறு கட்டினதுதானே? நிக்கலைத் தவிர வேற எதையும் தொடக்கூடாதுன்னு, பட்டறையில வச்சா எவனாவது இரும்புல போட்டுத் தேய்ச்சுடுவான்னு, பத்திரமா வீட்டுக்கே தூக்கிட்டு வருவியே.

— அது... பூதக்கண்ணாடி வாங்கி வச்சுக்கிட்டார்.

— நல்லா இருக்கிற பிரஷை அவர் எதுக்கு வாங்கி வச்சுக்கிறார்?

— அந்தத் தட்டை இப்படித் தள்ளுங்க அத்தை, வெங்காயம் வைக்கணும்.

— சொல்லு கண்ணு. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்.

— கம்பிங்களுக்கு அடியில கருப்பா கரி இருந்துச்சு. எண்ணெய்ப் பிசுக்கோட. மேலுக்கு சுத்தமா சோப்பு போட்டுக் கழுவி, வெயில்ல காய வச்சு, பையில இருந்த இடத்துலயே இருந்துச்சு. அதான் திங்கட்கிழமை எடுத்தப்ப எனக்குத் தெரியல. என் பிரஷை நான் எதுக்கு உத்துப் பார்க்கப் போறேன்?

— கரி... எண்ணெய்ப் பிசுக்கு...

— அத்தை, அதை விடுங்க.

— இந்த இரும்புச் சட்டி ஞாயித்துக்கிழமையில இருந்து பளபளன்னு இருக்கே.

— விடுங்கன்னு சொல்றேன்ல.

— நீதான் தேய்ச்சேன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். நீ தேய்க்கலையா?

— நான் ஞாயித்துக்கிழமை தங்கச்சி குழந்தையைப் பார்க்கப் போயிட்டேனே. இருட்டினப்புறம்தானே வந்தேன்.

— அப்ப நான்தான்.

— அப்படி நான் சொன்னேனா?

— நீ சொல்லல. அதான் வந்ததுல இருந்து சொல்லாமத் திரியறியே. இந்த வீட்டுல இருக்கறது மூணு பேர். நீ ஊர்ல இல்ல. உன் புருஷன்? குடிச்ச டம்ளரை எடுத்து வைக்காத மகராசன், சட்டி தேய்ச்சிருப்பானா? அப்புறம் யாரு, பூனையா?

— ஒரு சட்டிதானே அத்தை. இதுல என்ன இருக்கு?

— அந்த நோட்டை எடு. அரிசி டப்பாவுக்குப் பின்னாடி இருக்கு பாரு, காலண்டர் தாளை ஊசி நூல்ல தைச்சு வச்சிருக்கேனே, அது.

— இது என்ன? எப்ப இருந்து எழுதறீங்க?

— அடுப்பை அணைக்க மறந்தேனே, அன்னிக்கு உன் புருஷன், என் சின்னவன், கத்தினானே, அதுல இருந்து. என்னென்ன செஞ்சேனோ அன்னன்னிக்கு எழுதிடுவேன். ஒண்ணு விடமாட்டேன். ஞாயித்துக்கிழமையை எடு. படி. எனக்கு எழுத்து ஆடுது.

— 'காலை ஆறு மணி, எழுந்தேன். மாத்திரை போட்டேன். அடுப்பு அணைச்சேன், ரெண்டு தடவை பார்த்தேன். மருமக பஸ் ஏறினா, கையசைச்சா. சின்னவன் சட்டைக்குப் பட்டன் தைச்சேன். மதியம் சாப்பிட்டுத் தூங்கினேன். எழுந்தப்ப நாலு மணி. சின்னவன் தோள் வலின்னான், தைலம் தேய்ச்சு விட்டேன். அடுப்பு அணைச்சேன். மருமக வந்துட்டா, நிம்மதி.' அத்தை, நான் வந்ததைக்கூட எழுதியிருக்கீங்க.

— சட்டி இருக்கா அதுல?

— இல்ல.

— தேய்ச்சதும் ஞாபகம் இல்ல, எழுதவும் மறந்திருக்கேன். எனக்குள்ள ஒரு ஒப்பந்தம் போட்டு வச்சிருந்தேன் கண்ணு. இந்த நோட்டு சரியா இருக்கிற வரைக்கும் நான் இந்த வீட்டுல இருப்பேன், எவன் என்ன சொன்னாலும் அசையமாட்டேன். நோட்டு தப்பாச்சுன்னா, யாரும் சொல்றதுக்கு முன்னாடி நானே பெரியவன் வீட்டுக்குக் கிளம்பிடுவேன்னு.

— என்ன பேச்சு இது?

— தெரியாத மாதிரி நடிக்காத. பெரியவன் இந்த ஞாயித்துக்கிழமை கூட்டிட்டுப் போக வர்றான். சின்னவன் போன்ல பேசினதை நான் கேட்டேன். காதுக்கு ஒண்ணும் ஆகலையே.

— அவருக்குப் பயம் அத்தை. நாங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போயிடறோம், நீங்க தனியா இருக்கீங்க, அடுப்பு... கோவத்துல சொல்லல அவர். நானும் நாலு நாளா அவர்கிட்ட மல்லுக்கட்டிக்கிட்டுத்தான் இருக்கேன். 'இன்னும் ஒரே ஒரு தடவை ஏதாவது மறந்தாங்கன்னா நீயும் வாயைத் திறக்கக்கூடாது'ன்னார். சரின்னு ஒத்துக்கிட்டேன்.

— ஓ. அதான் இந்தச் சட்டியை மூடி மறைக்கிறியா?

— மறைக்கத்தான் செய்வேன்.

— அங்க என்னன்னு சொல்லி வச்சிருக்க?

— ஒரு தாள்ல காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. 'என் கவனக்குறைவு'ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டேன். பிரஷை வீட்டுக்குக் கொண்டு வந்தது நான்தானே, பொய் ஒண்ணும் இல்லையே.

— மூணு மணிக்கு சரியா வரலேன்னா?

— மறுபடி இரும்பு கேட், ஜன்னல் கிரில் வெல்டிங்தான். நிக்கல் பக்கம் விடமாட்டாங்க.

— பைத்தியக்காரி. அதுக்கு நீ எத்தனை நாள் கண்ணெரிஞ்சு கிடந்த! அந்த முதல் மாசம், முகமூடியைத் தூக்கிட்டு வெளிச்சத்தைப் பார்த்துட்டு வந்து, கண்ணுல மணலை அள்ளிப் போட்ட மாதிரி இருக்குன்னு துடிச்சியே.

— ஞாபகம் இருக்கா?

— ஈரத்துணியை மாத்தி மாத்திப் போட்டேன். பதினோரு தடவை. விடியறவரைக்கும் எண்ணினேன். 'இந்த வேலையே வேணாம்'னு சின்னவன் குதிச்சான். 'வாயை மூடுடா, அவ போவா'ன்னு நான்தான் சொன்னேன்.

— இதெல்லாம் ஞாபகம் இருக்கு, சட்டி ஞாபகம் இல்லையா?

— அதான் கண்ணு எனக்கே பயமா இருக்கு. பழசெல்லாம் பக்கத்துல நிக்குது. மூணு நாளைக்கு முன்னாடி, இந்தக் கையால, அவ்வளவு பெரிய சட்டியை அழுத்தித் தேய்ச்சிருக்கேன், மணிக்கட்டு வலிச்சிருக்கணும், அது கூடத் தெரியல. உன் பிரஷைத் தொடக்கூடாதுன்னு தெரிஞ்சும் எடுத்திருக்கேன். நாளைக்கு உன்னையே யாருன்னு கேட்டுட்டேன்னா?

— கேளுங்க. சொல்றேன். தினமும் கேட்டீங்கன்னா தினமும் சொல்றேன். எனக்கென்ன, வாய் வலிக்குமா?

— உரிச்ச வெங்காயத்தையே மறுபடி உரிக்கிற பாரு. இந்த நினைப்பை வச்சுக்கிட்டு மூணு மணிக்கு எப்படி நெருப்பைப் பிடிப்ப?

— என் நினைப்பு குழாய் மேல இல்ல அத்தை. நீங்க போயிட்டீங்கன்னா சாயந்தரம் நான் யார்கிட்ட வந்து பூதக்கண்ணாடி கதையெல்லாம் சொல்றது? அவர் பாதியில தூங்கிடறார். நீங்க ஒருத்தர்தான் நிக்கல்னா என்னன்னு கேட்டவங்க. அம்மா கூடக் கேட்டதில்ல.

— அழாத. வெங்காயத்தைக் கீழ வை. இங்க வா. இப்படி உட்காரு.

— நீங்க போகமாட்டேன்னு சொல்லுங்க.

— பொய் சொல்லச் சொல்றியா? உன் குழாயைப் பாரு, தன்னோடது இல்லாத துருவுக்கும் தலை குனிஞ்சு நிக்குது. நான் என் மேல இருக்கிற துருவை ஒத்துக்க வேணாமா? பேனாவைக் கொடு.

— எதுக்கு?

— கொடுடீ. ஞாயித்துக்கிழமையில எழுதணும். 'மருமக பிரஷை எடுத்து சட்டி தேய்ச்சேன்.' நோட்டாவது உண்மை பேசட்டும்.

— எழுதாதீங்க அத்தை. ப்ளீஸ்.

— எழுதியாச்சு. பெட்டியை நேத்தே கட்டி வச்சுட்டேன், கட்டிலுக்கு அடியில இருக்கு. நீ அந்த மெரூன் சால்வையை வச்சுக்கோ, உனக்குத்தான் அது நல்லா இருக்கும். மூணு மணிக்கு நீ நல்லபடியா போட்டுட்டு வா. ஜெயிச்சுட்டு வந்தேன்னு நீ சொல்றதைக் கேட்டுட்டுத்தான் நான் கிளம்புவேன். அது போதும் எனக்கு.

— உங்க பேச்சைக் கேட்டா நான் எங்கேயும் போகல போங்க.

— ஷ்ஷ்... வேன் ஹாரன். எல்.கே.ஜி. பிள்ளைங்களை வீட்டுல இறக்கி விட்டுட்டு சின்னவன் சாப்பாட்டுக்கு வந்துட்டான். முகத்தைத் துடை. அவன்கிட்ட நான் சொல்லிக்கிறேன், நீ வாயைத் திறக்காத.

— நீங்க வாயைத் திறந்தீங்கன்னா நான் சோறு போடமாட்டேன், ரெண்டு பேருக்கும்.

— அம்மா, பசிக்குது! அட, நீ என்ன இந்த நேரத்துல? நல்லதாப் போச்சு, வேன்ல இடம் இருக்கு, பட்டறையில இறக்கி விடறேன்... என்ன ரெண்டு பேரும் இப்படி உட்கார்ந்திருக்கீங்க? யாரு அழுதா?

— வெங்காயங்க.

— வெங்காயம்டா. உட்காரு, உன்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும். இந்தச் சட்டி...

— அப்பாடா! இப்பவாவது கேட்டியே. மூணு நாளாப் பார்க்கிறேன், ரெண்டு பேர்ல ஒருத்தராவது ஒரு வார்த்தை சொல்லுவீங்கன்னு. பெரியவன் வீட்டுக்கு அனுப்பறதா நான் பேசினது உன் காதுல விழுந்திருக்கும்னு மனசு கேக்கல, அதான் நீ தூங்கினப்ப ஒரு வேலையாவது செஞ்சு கொடுப்போம்னு இவ பையில இருந்த நீலக் கயிறு பிரஷை எடுத்து அரை மணி நேரம் தேய்ச்சேன்மா, தோள்பட்டையே போச்சு. பிரஷைக் கூட கழுவிக் காய வச்சு இருந்த இடத்துலயே வச்சுட்டேன், இவ திட்டக்கூடாதுன்னு.